ரெயில் ஓடாவிட்டால் பணம் திரும்பும், கல்லூரி திறக்காவிட்டால்?

(நமது பகுதி நேர நிருபர்)

2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. டெல்லியில் நான் வேலை பார்க்கும் ரிசர்வேஷன் கவுண்டரில் அன்று கூட்டம் இல்லை. கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பணம் நீட்டுவதற்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு பழைய டிக்கெட் உள்ளே வந்தது. நிஜாமுதீனில் இருந்து கோவில்பட்டிக்கு, திருக்குறள் எக்ஸ்பிரஸ், நான்கு பேர். பயணத் தேதி ஏப்ரல் மாதம்.

"நல்லா இருக்கியளா தம்பி?" என்று முகக்கவசத்துக்குள் இருந்து ஒரு குரல்.

குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி. சங்கரன்கோவில் தாலுகாக்காரர். கரோல்பாக்கில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். திரிலோக்புரியில் குடித்தனம். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குப் போக, ஜனவரியிலேயே எடுத்து வைத்த டிக்கெட் அது. மார்ச் 22-ந்தேதி பயணிகள் ரெயில்கள் நின்றன. 25-ந்தேதி நாடே கதவைச் சாத்தியது. அந்த வருடம் சாஸ்தா அவருக்காகக் காத்திருந்ததுதான் மிச்சம்.

ரெயிலை ரெயில்வேயே ரத்து செய்துவிட்டால் முழுப் பணமும் திரும்பும். கழிவு எதுவும் பிடிப்பதில்லை. கவுண்டரில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிக்கொள்ளப் பயணத் தேதியில் இருந்து ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். (பிறகு அது ஒன்பது மாதமாக நீண்டது.) அண்ணாச்சி தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது வந்திருந்தார். மூவாயிரத்துச் சொச்சத்தை எண்ணி ஓட்டை வழியாகக் கொடுத்தேன். அவரும் இரண்டு தடவை எண்ணினார்.

"இது மவ காலேஜ் பீசுக்கு. இன்னும் பத்து நாள்ல கட்-ஆப் போடுதானாம்" என்றவர் போகாமல் நின்றார். பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, ரெயில் ஓடலைன்னா முழுக் காசும் திருப்பித் தாரிய. காலேஜ் திறக்கலைன்னா அவன் தருவானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளி இறுதியோடு படிப்பை முடித்து, தகப்பனார் இறந்ததும் அவர் வேலைக்கு வந்து உட்கார்ந்தவன் நான். கல்லூரி வாசல் எனக்குப் பேப்பர் செய்தியில் பார்த்த வாசல்தான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்று முதல் விசாரித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். தலைநகரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களுக்கு இது பழைய கதை என்று தோன்றாது.

ரசீதைப் படித்தோம்

அந்த ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் கட்-ஆப் பட்டியல் அக்டோபர் 10-ந்தேதி வந்தது. ஒரு மகளிர் கல்லூரியில் மூன்று பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்டார்கள் என்று நாடே பேசிய பட்டியல் அதுதான். அண்ணாச்சி மகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்த பெண். நூறு இல்லை என்றாலும் நல்ல மார்க். மூன்றாம் பட்டியலில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, பணம் கட்டுவது எல்லாமே கம்ப்யூட்டர் வழியாக. கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமலே கல்லூரி மாணவி ஆகிவிட்டாள்.

ரசீதை அச்செடுத்துக் கொண்டு அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்சுக்கு வந்தார். கணக்குப்பிள்ளை ஒருவரும் ரெயில்வே குமாஸ்தா ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? வரி வரியாகப் படித்தோம்.

முதல் வரியே வேடிக்கை. கல்விக் கட்டணம் ரூ.180. ஒரு வருடத்துக்கு! மாதம் 15 ரூபாய் வீதம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் பல காலமாக இதுதான். ஒரு காலத்தில் 15 ரூபாய் பெரிய தொகை. இன்று கன்னாட் பிளேசில் ஒரு காபி வாங்கவும் போதாது.

அப்படியானால் மொத்தம் எப்படிப் பதினோராயிரத்தைத் தாண்டியது? கீழே இருந்த வரிகளால். வளர்ச்சி நிதி, நூலகம், விளையாட்டு, மின்சாரமும் தண்ணீரும், கல்லூரி மலர், தோட்டப் பராமரிப்பு, அடையாள அட்டை, பல்கலைக்கழகத்தின் பங்கு, மாணவர் சங்க நிதி, திரும்பப் பெறத்தக்க காப்புத்தொகை என்று ஒரு சரம்.

"மலர் யாரு அச்சடிக்கப் போறா? மைதானத்துல யாரு ஓடப் போறா?" என்று அண்ணாச்சி பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். கோடு போட்டதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இங்கேதான் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. 2020 ஏப்ரலில் டெல்லி அரசு தனியார் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது: ஊரடங்குக் காலத்தில் கல்விக் கட்டணம் மட்டும் வாங்கு, மற்றவை வேண்டாம் என்று. அந்த உத்தரவை 2021 மே 31-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு ரத்து செய்து, 15 சதவீதம் குறைத்துக்கொண்டு வாங்கலாம் என்றது. அதே மாதம் 3-ந்தேதி ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 15 சதவீதக் குறைப்பைத்தான் சொல்லியிருந்தது. பள்ளிக்கூடம் அனுப்பாத வசதிக்கு நடத்துகிறவர் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் பெற்றோருக்கும் பங்கு உண்டு என்பது அதன் கருத்து.

கல்லூரிக்கு அப்படி நறுக்கென்று ஒரு கணக்கு வரவில்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2020 மே மாதம் 27-ந்தேதி ஒரு கடிதம் அனுப்பியது. கட்டண விஷயத்தை அனுதாபத்தோடு பாருங்கள், கட்டுவதற்கு வேறு வழிவகை கொடுக்கலாமா என்று யோசியுங்கள் என்பது அதன் சாரம். செப்டம்பரில் வந்த முதலாண்டு அட்டவணையில் இன்னொரு சலுகை: நவம்பர் 30-ந்தேதிக்குள் இடத்தை ரத்து செய்தால் கட்டிய பணம் முழுவதும் திரும்பும், டிசம்பர் 31-ந்தேதிக்குள் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது.

இதுதான் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில். ரெயில் ஓடாவிட்டால் டிக்கெட்டைக் காட்டிப் பணம் வாங்கலாம். அடுத்த ரெயிலில் போகலாம். கல்லூரியில் பணம் திரும்ப வேண்டும் என்றால் படிப்பை விட்டு இறங்க வேண்டும்.

ஒரு போன், மூன்று பேர்

நவம்பர் 18-ந்தேதி முதலாண்டு வகுப்புகள் தொடங்கின. போனில்தான்.

வீட்டில் இருந்தது ஒரே ஸ்மார்ட் போன். அது அண்ணாச்சியோடு காலையில் கடைக்குப் போய்விடும். தம்பி பத்தாம் வகுப்பு. அவனுக்கும் போனில்தான் பாடம். கடையில் அண்ணாச்சிக்குப் பாதிச் சம்பளம். பிள்ளைகளுக்காகப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், சரக்கு வந்த தகவல் தெரியாமல் முதலாளியிடம் ஏச்சு.

இந்த வீட்டின் கதை தனிக் கதை இல்லை. 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் கம்ப்யூட்டர் உள்ளவை சுமார் 11. இன்டர்நெட் வசதி உள்ளவை சுமார் 24. இந்தக் கணக்கு கொரோனாவுக்கு முன்பே அரசின் மேஜையில் இருந்தது. மூன்று வருடத்தில் கொஞ்சம் கூடியிருக்கலாம். அதற்காக எல்லா வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு கருவி முளைத்துவிடவில்லை.

இறுதியாண்டுப் பிள்ளைகள் பட்ட பாடு இன்னும் பெரிது. 2020 ஜூலை 6-ந்தேதி, இறுதியாண்டுத் தேர்வை செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியே தீரவேண்டும் என்று மானியக்குழு சொன்னது. வேண்டாம் என்று மராட்டியம் உள்படச் சில மாநிலங்கள் சொல்லின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு போனது. ஆகஸ்டு 28-ந்தேதி தீர்ப்பு: தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை, முடியாத மாநிலங்கள் தேதி நீட்டிப்புக் கேட்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகமோ அதற்குள் ஆகஸ்டு 10-ந்தேதியே புத்தகம் பார்த்து எழுதும் தேர்வைத் தொடங்கிவிட்டது. ஜூலை 1 என்று சொல்லி, பிறகு ஜூலை 10 என்று மாற்றி, மறுபடி தள்ளிப்போட்ட தேர்வு அது. கேள்வித்தாளை இறக்கு, வெள்ளைத் தாளில் எழுது, படம் பிடி, ஏற்று. லைன் இல்லாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்குப் போ. கண் தெரியாத மாணவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று ஐகோர்ட்டு கேட்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி மகளுக்குத் தனிப் போன் டிசம்பரில்தான் வந்தது. கல்லூரி கொடுத்தது அல்ல. அவள் அம்மா வீட்டில் தோசை மாவு அரைத்துத் தெருவில் விற்றுச் சேர்த்த பணம். கல்லூரியில் மாணவர் உதவி நிதி என்று ஒன்று உண்டு. அவள் விண்ணப்பித்தாள். வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் தருகிற அலுவலகத்தில் பாதி ஆட்கள்தான் வேலைக்கு வந்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி நான்கு நாள் கடந்திருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஒரு மறுப்பு. எழுதிக் கேட்டதற்கு, அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும் என்று மரியாதையாகவே பதில் வந்தது.

பன்னிரண்டு கல்லூரிகள்

இனி ரசீதில் இருந்த அந்த ஒரு வரிக்கு வருகிறேன்: மாணவர் சங்க நிதி. சிறிய தொகைதான். நானும் முதலில் கவனிக்கவில்லை. ஆனால் அந்த மாதம்தான் அந்த வரி ஐகோர்ட்டு வரை போனது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 90 கல்லூரிகள். பெரும்பாலானவற்றுக்குச் சோறு போடுவது மத்திய அரசின் மானியக்குழு. ஆனால் 12 கல்லூரிகளின் முழுச் செலவும் டெல்லி மாநில அரசின் பொறுப்பு. தீனதயாள் உபாத்யாயா, கேசவ் மகாவித்யாலயா, மகாராஜா அக்ரசேன், ஆச்சார்ய நரேந்திர தேவ், பீம்ராவ் அம்பேத்கர் ஆகியவை அவற்றில் சில. பட்டம் கொடுப்பது மத்தியப் பல்கலைக்கழகம், பணம் கொடுப்பது மாநில அரசு. இரண்டு வீட்டுப் பிள்ளைகள்.

2020-ல் அந்தப் பன்னிரண்டிலும் ஆசிரியர்களுக்கும் அலுவலக, ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. ஏன் என்று கேட்டால் இரண்டு கதை. ஆட்சிமன்றக் குழுவில் எங்கள் ஆட்களை நியமிக்க இழுத்தடிக்கிறார்கள், கணக்கும் சரியில்லை, வங்கியில் டெபாசிட் போட்டுக்கொண்டு எங்களிடம் கை நீட்டுகிறார்கள் என்றது அரசு. தரவேண்டிய மானியத்தைத் தராமல் சாக்குச் சொல்கிறார்கள் என்றது பல்கலைக்கழகத் தரப்பு. அரசின் பெட்டியும் அப்போது நிறைந்திருக்கவில்லை. மே மாதக் கடைசியில் அப்போதைய துணை முதல்-மந்திரி மணிஷ் சிசோடியா, ஊழியர் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மாதம் ரூ.3,500 கோடி வேண்டும், வரி வசூல் விழுந்துவிட்டது, ரூ.5,000 கோடி தாருங்கள் என்று மத்திய அரசிடம் கேட்டிருந்தார்.

மத்தியிலும் தாராளம் இல்லை. 2020-21 பட்ஜெட்டில் உயர்கல்விக்கு ஒதுக்கியது சுமார் ரூ.39,466 கோடி. வருட முடிவில் திருத்திய மதிப்பீட்டில் அது ரூ.32,900 கோடியாக இறங்கியது. நம்மைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களின் பஞ்சப்படி மூன்று தவணை நிறுத்தி வைக்கப்பட்டதும் அந்த வருடம்தான். 2021 ஜூலையில் மறுபடி கொடுத்தார்கள்; இடைப்பட்ட நிலுவையைக் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் அக்டோபர் மாதம் டெல்லி அரசின் உயர்கல்வித் துறையில் இருந்து அந்தப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கும் ஓர் உத்தரவு போனது. நிலுவைச் சம்பளத்தை மாணவர் சங்க நிதியில் இருந்து கொடுங்கள்!

படித்ததும் எனக்குப் பகீர் என்றது. நான் காசு எண்ணுகிறவன். ரெயில்வே கவுண்டரில் டியூட்டி தொடங்கும்போது, என் சட்டைப்பையில் இருக்கிற சொந்தப் பணம் எவ்வளவு என்பதைக் கூடப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வசூல் பணத்தில் இருந்து பத்து ரூபாய் எடுத்து டீ குடித்துவிட்டுச் சாயங்காலம் திருப்பி வைத்தாலும் குற்றம்தான். எந்தத் தலைப்பில் வாங்கினோமோ அந்தத் தலைப்பில் போய்ச் சேரவேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. மாணவர் சங்க நிதி என்பது பிள்ளைகள் கட்டிய பணம். பேச்சுப்போட்டிக்கும், நாடகத்துக்கும், விளையாட்டுக்கும், ஏழைப் பிள்ளைக்கு உதவவும் வைத்த பணம். அந்த வருடம் நாடகம் இல்லை, போட்டி இல்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிருக்க வேண்டும்? போன் இல்லாத பிள்ளைக்குப் போனாக, லைன் இல்லாத பிள்ளைக்கு லைனாகப் போயிருக்கலாமே!

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. அக்டோபர் 23-ந்தேதி ஐகோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

அண்ணாச்சி மகள் படித்தது அந்தப் பன்னிரண்டில் ஒன்று அல்ல. ஆனாலும் செய்தியைச் சொன்னதும், "நம்ம ரசீதுலயும் அந்த வரி இருக்குல்லா மாமா?" என்று கேட்டாள். இருந்தது. அதில் என்ன செலவு நடந்தது என்று அவளுக்கு யாரும் எழுதி அனுப்பவில்லை. எந்தக் கல்லூரியில் கேட்டாலும் இதே நிலைதான். கட்டுகிறவனுக்கு ரசீது உண்டு, கணக்கு கிடையாது.

ஊருக்குப் போகாத ஊழியர்

தடை வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்தான் நின்றது.

நவம்பரில் பண்டிகைச் சிறப்பு ரெயில்கள் ஓடின. சாத் பூஜைக்குப் பீகார் போகிற கூட்டம். ஒரு நாள் நடுத்தர வயது மனிதர் ஒருவர் பாட்னா டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வந்தார். அந்தச் சமயத்தில் டெல்லியில் பாட்னா டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறவரை நீங்கள் பார்க்க முடியாது. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். கேன்சல்தான். அந்தப் பன்னிரண்டில் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராம். சம்பளம் வரவில்லை, ஊருக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்றார்.

ரெயில் ஓடுகிறது, பயணிதான் போகவில்லை. அதனால் கழிவு உண்டு. விதிப்படி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். மிச்சப் பணத்தை மடித்து வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அவரைப் பார்த்த பிறகு அந்த உத்தரவைப் பற்றி முன்போலக் கோபமாக நினைக்க முடியவில்லை. அவரும் குற்றம் செய்யவில்லை. பிள்ளைகளின் பணத்தை எடுத்து இவருக்குக் கொடுக்கச் சொன்னது தப்பு. ஆனால் அந்தத் தப்பு நடக்காமல் போனதால் இவர் வீட்டு அடுப்பு எரிந்துவிடவில்லை. கோர்ட்டு ஒரு பெட்டியைப் பூட்டியது. திறக்க வேண்டிய பெட்டிகளோ வேறு இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று மாநிலத் தலைமைச் செயலகத்தில், மற்றது மத்திய அரசில். அந்தப் பூட்டுகளின் முன்னால் நின்று பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சம்பளம் தவணை தவணையாகத்தான் வந்தது. 2022-லும் அந்தக் கல்லூரிகளில் பணத் தட்டுப்பாட்டுப் பேச்சு ஓயவில்லை.

பல்கலைக்கழகத்தின் தலையிலும் அப்போது ஆள் சரியாக இல்லை. துணைவேந்தர் யோகேஷ் தியாகி ஜூலை மாதம் முதல் மருத்துவ விடுப்பில் இருந்தார். அக்டோபரில், துணைவேந்தருக்கு அடுத்த பதவி யாருக்கு, பதிவாளர் யார் என்று இரண்டு பக்கமும் இரண்டு பெயரை அறிவித்தார்கள். பேப்பரில் படிக்கும்போது நமக்கே தலை சுற்றியது. அக்டோபர் 28-ந்தேதி ஜனாதிபதியின் உத்தரவுப்படி துணைவேந்தர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். சம்பளம் நின்றது, மாணவர் நிதிக்கு வழக்கு, புதுப் பிள்ளைகளின் சேர்க்கை எல்லாம் நடந்த அதே மாதத்தில் நாற்காலிச் சண்டையும் நடந்தது.

சீமையில் ஒரு வேலி

அந்த நவம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் பிள்ளைகளை விடுதிக்கு வரவழைத்துவிட்டு, இரண்டாவது ஊரடங்கு தொடங்கிய நவம்பர் 5-ந்தேதி விடுதிகளைச் சுற்றி இரும்பு வேலி போட்டது. அன்று இரவே மாணவர்கள் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். வாடகை கொடுக்க மாட்டோம் என்று ஒரு கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் முதல் செமஸ்டர் வாடகையில் 30 சதவீதத்தைப் பல்கலைக்கழகம் குறைத்தது. அங்கே அப்போது வருடக் கல்விக் கட்டணம் 9,250 பவுன். அதில் ஒரு பைசா குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் டெல்லியில் பிடுங்க வேலி இல்லை. பிள்ளைகள் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தார்கள். கேரளத்துப் பிள்ளை கேரளத்தில், மணிப்பூர்ப் பிள்ளை மணிப்பூரில். முகர்ஜி நகர் போன்ற இடங்களில் அறை எடுத்திருந்தவர்கள், ஊருக்குப் போன பிறகும் வாடகை கேட்ட வீட்டுக்காரர்களிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி வாசலில் கூடினால்தானே கூட்டம்? வாசல் இல்லாத கல்லூரியில் எங்கே கூடுவது?

நியாயமாகச் சொல்லவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கல்லூரி ரெயில் அல்ல. ரெயில் நின்றால் பயணம் நின்றது. கல்லூரி மூடியிருந்தபோதும் பாடம் நடந்தது. அவளுடைய கணக்குப் பதிவியல் ஆசிரியை தன் வீட்டு லைனில், தன் செலவில் பாடம் எடுத்தார். ஒரு நாள் அவர் வீட்டிலேயே கொரோனா. அன்றும் எடுத்தார் என்று அவள் சொன்னாள். மூடிய கட்டடத்துக்கும் காவலாளி வேண்டும், மின்கட்டணம் உண்டு. இதையெல்லாம் கணக்குப் போட்டு, இவ்வளவு செலவாயிற்று, இவ்வளவு மிஞ்சியது, மிஞ்சியதில் இத்தனை பேருக்குப் போன் வாங்கினோம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால், அண்ணாச்சி பென்சிலால் கோடு போட்டிருக்க மாட்டார். அவரும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்தானே! கொடுத்த பணத்தைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. எங்கே போயிற்று என்று தெரியாததில்தான் வருத்தம்.

இரண்டாம் வருட ரசீது

2021 ஏப்ரல், மே மாதங்களை டெல்லியில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த மாதங்கள். திரிலோக்புரித் தெருவிலும் சாவு விழுந்தது. அண்ணாச்சிக்கும் காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் படுத்தார். பிழைத்தார். கடைச் சம்பளம் அந்த மாதம் முழுவதும் இல்லை. மகள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, தகப்பனார் இருமுகிற சத்தம் கேட்காமல் இருக்கக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இரண்டாம் செமஸ்டர் படித்தாள்.

இரண்டாம் வருடக் கட்டணம் கட்டும்போது படிப்பை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அவள்தான் விடவில்லை. தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பணமும், மாவு விற்ற பணமும், என்னிடம் வாங்கிய இரண்டாயிரமும் சேர்ந்து கட்டணம் ஆயிற்று. (இரண்டாயிரத்தை ஆறே மாதத்தில் திருப்பிவிட்டார். வட்டியாக ஊர் சில்லுக்கருப்பட்டி ஒரு பொட்டலம்.) ரசீதில் மறுபடி நூலகம், விளையாட்டு, மலர், மாணவர் சங்க நிதி. அந்தத் தடவை யாரும் கோடு போடவில்லை.

திறக்கச் சொல்லி மாணவர்கள் போராடிய பிறகு 2022 பிப்ரவரி 17-ந்தேதி டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் எல்லோருக்கும் திறந்தன. அவளுக்கு அப்போது நான்காம் செமஸ்டர். பாதிப் படிப்பு முடிந்த பிறகு முதல் நாள் கல்லூரிக்குப் போனாள். நூலகம் எங்கே என்று அவள் விசாரித்தது, அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த இன்னொரு இரண்டாம் வருட மாணவியிடம். அவளுக்கும் வழி தெரியவில்லையாம்.

2023-ல் படிப்பு முடிந்தது. காப்புத்தொகை என்று முதல் ரசீதில் ஒரு வரி சொன்னேனே, அதைத் திரும்ப வாங்க அசல் ரசீது வேண்டும் என்றார்கள். மூன்று வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் ரசீதை எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? அண்ணாச்சி வைத்திருந்தார். ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில். பென்சில் கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன. அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாராம்.

"எங்க அப்பா கணக்கு எழுதுறவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன் மாமா என்றாள். பணம் இரண்டு மாதம் கழித்து வங்கிக்கு வந்தது. அதில் கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட் எடுக்க என் கவுண்டருக்கு வந்திருந்தாள். பங்குனி உத்திரத்துக்கு.